எக்ஸ்எம்எல் பட்டியல் சரியாக வரவில்லையா? சிஎஸ்எஸ் போதுமா, எக்ஸ்எஸ்எல்டி வேண்டுமா என்பதை அறிகுறி பார்த்து முடிவு செய்வது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் அச்சு வேலையும் கணினி வேலையும் சேர்த்துப் பார்க்கும் எங்கள் கடைக்கு எக்ஸ்எம்எல் கோப்புகள், அதாவது ஒவ்வொரு தகவலுக்கும் முன்னும் பின்னும் டேக் என்ற பெயர்க்குறி போட்ட கோப்புகள், மூன்று வழியில் வருகின்றன. சுற்றியுள்ள தோட்டக் கோயில்களின் உபயப் பட்டியல், தமிழ்ப்பள்ளிப் போட்டி முடிவுகள், அப்புறம் லோரிக்காரர்களுக்கு வரும் இ-இன்வாய்ஸ். இதில் கோயில் பட்டியலை எக்ஸ்எம்எல்லில் வைப்பது நாங்களாகச் செய்துகொண்ட ஏற்பாடு. ஒரே பட்டியல் நோட்டீசுக்கும் ரசீதுக்கும் விழா மலருக்கும் போகவேண்டும், மூன்று தடவை தட்டச்சு செய்ய யாருக்கும் நேரமில்லை.

கோப்பு கைக்கு வந்ததும் அதைக் காட்ட இரண்டு கருவிகள் இருக்கின்றன. சிஎஸ்எஸ், கோப்பில் இருப்பதற்கு நிறமும் அளவும் இடமும் கொடுக்கும், கோப்பைத் தொடாது. எக்ஸ்எஸ்எல்டி, கோப்பைப் படித்து அதிலிருந்து வேறொரு கோப்பையே எழுதித் தரும். சிஎஸ்எஸ் முதல் பதிப்பு 1996 டிசம்பரில் வந்தது, ஜேம்ஸ் கிளார்க் தொகுத்த எக்ஸ்எஸ்எல்டி 1.0 1999 நவம்பரில் வந்தது. எதை எடுப்பது என்ற சண்டையும் அப்போதே ஆரம்பித்துவிட்டது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி சொல்லும் யோசனை இதுதான்: சிஎஸ்எஸ்ஸால் முடிந்தால் அதையே வையுங்கள், முடியாத இடத்தில் மட்டும் மற்றதற்குப் போங்கள். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் "முடியாத இடம்" எது என்று தெரியாமல்தான் ஆட்கள் திணறுகிறார்கள்.

அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. கோப்பைத் திறந்து, டேக்குகளை விட்டுவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் மேலிருந்து கீழாக வாய்விட்டு வாசியுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது அப்படியே புரிந்தால் சிஎஸ்எஸ் போதும். "இரு, அந்தப் பெயரை முதலில் சொல்லு", "மொத்தம் எவ்வளவு?", "இந்த 08 என்றால் என்ன?" என்று அவர் குறுக்கே கேட்டால் எக்ஸ்எஸ்எல்டி வேண்டும்.

கீழே வரும் அறிகுறிகளுக்கெல்லாம் இந்த மாதிரிக் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள். டேக் பெயர் தமிழில் இருக்கலாம், எக்ஸ்எம்எல் அதை அனுமதிக்கிறது.

<திருவிழா>
  <உபயம் நாள்="3">
    <பெயர்>கண்ணன் குடும்பத்தார்</பெயர்>
    <இடம்>இரண்டாம் டிவிசன்</இடம்>
    <தொகை>150</தொகை>
  </உபயம்>
</திருவிழா>

கோப்பு பாதியில் நிற்கிறது, மேலே பிழைப் பெட்டி

குரோமில் இளஞ்சிவப்புப் பெட்டி வரும், ஃபயர்ஃபாக்ஸில் பக்கம் முழுதும் மஞ்சளாகும். இதில் சிஎஸ்எஸ்ஸுக்கும் எக்ஸ்எஸ்எல்டிக்கும் வேலையே இல்லை, கோப்பே உடைந்திருக்கிறது. பெட்டியில் வரி எண் இருக்கும், நேராக அங்கே போங்கள். நம் ஊர்ப் பட்டியலில் பெரும்பாலும் அங்கே ஒரு கடைப் பெயர் இருக்கும்: "முருகன் & சன்ஸ்". எக்ஸ்எம்எல்லுக்குள் அந்த ஆம்பர்சாண்ட் குறி தனியாக நிற்கக்கூடாது. குறியை அடுத்து ஏ, எம், பி என்ற மூன்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் போடுங்கள். அதெல்லாம் வேண்டாம் என்றால் "அண்ட்" என்று தமிழில் எழுதிவிடுங்கள், உபயகாரர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

டேக்குகளோடு மரம் மாதிரி தெரிகிறது

நடைத் தகவல் எதுவும் இணைக்கப்படவில்லை என்று பிரவுசரே மேலே ஒரு வரி சொல்லும். நடைக் கோப்பை, அதாவது சிஎஸ்எஸ் அல்லது எக்ஸ்எஸ்எல்டி கோப்பைச் சுட்டும் வரி, கோப்பின் முதல் வரியான எக்ஸ்எம்எல் அறிவிப்புக்குக் கீழே, முதல் டேக்குக்கு மேலே இருக்கவேண்டும். திருவிழா டேக்குக்கு உள்ளே வைத்தால் பிரவுசர் கண்டுகொள்ளாது. வரி சரியான இடத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் மரம்தான் வருகிறது என்றால் அந்த வரியில் கோப்பின் வகை தப்பாக எழுதப்பட்டிருக்கும். வகை தெரியாவிட்டால் பிரவுசர் திட்டாது, சும்மா விட்டுவிடும். அதுதான் தொல்லை.

நடை வந்துவிட்டது, ஆனால் எல்லாம் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு வருகிறது

எச்டிஎம்எல்லில் பத்தி என்றால் தனி வரி என்று பிரவுசருக்குத் தெரியும். "உபயம்" என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. நீங்கள் சொல்லாதவரை எல்லா டேக்கும் வரிக்குள்ளே ஓடும். டிஸ்ப்ளே பண்பில் திருவிழாவுக்கு டேபிள், உபயத்துக்கு டேபிள் ரோ, உள்ளே இருக்கும் மூன்றுக்கும் டேபிள் செல் என்று கொடுத்தால் அட்டவணை வந்துவிடும். நான்கைந்து வரி வேலை. இதற்காக எக்ஸ்எஸ்எல்டி படிக்க உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம்.

தொகை மட்டும் நடையை ஏற்கமாட்டேன் என்கிறது

பெயரும் இடமும் ஒழுங்காக வருகின்றன. தொகை மட்டும் அசையவில்லை. எழுத்துப்பிழையும் இல்லை, கண்ணால் பார்த்தால் இரண்டு கோப்பிலும் ஒரே சொல். இது தமிழுக்கே உரிய கோளாறு.

"தொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். தகரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று. கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாக வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் எக்ஸ்எம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் எக்ஸ்எஸ்எல்டியும் குறியீட்டைத்தான் ஒப்பிடும், உருவத்தை அல்ல. பட்டியலை ஒருவர் ஒரு விசைப்பலகையிலும் நடைக் கோப்பை இன்னொருவர் வேறொன்றிலும் தட்டினால் இது நடக்கும். டேக் பெயரைத் தட்டாமல் பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் தீர்ந்தது. இன்னும் நல்லது, ஒகர ஓகார ஔகாரம் வராத பெயராக வைப்பது. "தொகை"க்குப் பதில் "பணம்" என்று வைத்தால் தலைவலியே இல்லை. இனி இந்தக் கட்டுரையிலும் பணம்தான்.

திரையில் இருக்கும் "வெள்ளி", வாட்ஸ்அப்பில் ஒட்டினால் காணோம்

பணத்துக்கு முன்னால் "வெள்ளி", பெயருக்கு முன்னால் வரிசை எண், இரண்டையும் சிஎஸ்எஸ்ஸாலேயே போட முடியும். எண்ணுக்குத் தமிழ் நடையைக் கேட்டால் ௧, ௨, ௩ என்றுகூடத் தரும், விழா மலரில் அது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அப்படிச் சேர்த்த எழுத்து வெறும் தோற்றம். நகலெடுத்தால் வராது, குரோமின் தேடு பெட்டியிலும் சிக்காது. பட்டியல் அச்சுக்கு மட்டும் போகிறதென்றால் கவலையில்லை. கோயில் குழுவின் வாட்ஸ்அப்புக்கும் போகிறதென்றால் அந்தச் சொல் கோப்பிலேயே இருக்கவேண்டும். அதாவது எக்ஸ்எஸ்எல்டி எழுதித் தரவேண்டும்.

சிஎஸ்எஸ் கோப்பில் இந்தச் செருகல்கள் கூடிக்கொண்டே போனால் அதையே எல்லைக்கோடாக எடுத்துக்கொள்ளுங்கள். அலங்காரத்துக்கு ஒரு நட்சத்திரம் செருகுவது சரி. வாசகருக்கு வேண்டிய தகவலையே செருக ஆரம்பித்தால் கருவியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பெயர்கள் அகர வரிசையில் வரவில்லை

சிஎஸ்எஸ் பெயரைப் படித்து வரிசைப்படுத்தாது. கோப்பில் இருக்கும் வரிசைதான் திரையிலும். ஆகவே இது எக்ஸ்எஸ்எல்டி வேலை, அதில் வரிசைப்படுத்தத் தனி உறுப்பே இருக்கிறது. ஆனால் அதைப் போட்டபிறகும் தமிழ் வரிசை தப்பாக வரலாம். எக்ஸ்எஸ்எல்டி-ப்ராக் என்ற இலவசக் கருவியில் மொழி எதுவும் குறிப்பிடாமல் ஓட்டிப் பாருங்கள். கணேசன் முன்னால், கண்ணன் பின்னால். மாறன் முன்னால், மாலதி பின்னால். இரண்டும் தப்பு.

காரணம், யூனிகோடு அட்டவணையில் தமிழ் எழுத்துகள் நம் நெடுங்கணக்குப்படி இல்லை. றகரம் லகரத்துக்கு முன்னால் இருக்கிறது, னகரம் பகரத்துக்கு முன்னால் இருக்கிறது. புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் கிடக்கிறது. அதனால்தான் "ணே" முந்துகிறது, "ண்" பிந்துகிறது. அகராதியில் மெய் முதலில், உயிர்மெய் அடுத்து.

வரிசைப்படுத்தும் நேரத்துக்கு மட்டும் எழுத்துகளை இடம் மாற்றிவிட்டால் சரியாகிவிடும். ட்ரான்ஸ்லேட் என்ற சார்பு ஓர் எழுத்துக்குப் பதில் இன்னோர் எழுத்தைப் போடும். அதற்கு இந்த இரண்டு சரங்களைக் கொடுங்கள்:

எடுக்கவேண்டியவை: 'பமயரலவழளறன்'
போடவேண்டியவை: 'னபமயரறலளழவ!'

முதல் சரத்தின் கடைசியில் னகரமும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும், அதனால் இரண்டிலும் பதினொன்று. புள்ளிக்குப் பதிலாக வரும் ஆச்சரியக்குறி எல்லாத் தமிழ் எழுத்துக்கும் முன்னால் இருப்பதால் மெய்யெழுத்து முந்திவிடும். வெளியே அச்சாகும் பெயர் மாறாது, ஒப்பிடும்போது மட்டும்தான் இந்த மாற்றம். கிரந்த எழுத்துகளை இது தொடவில்லை. ஜெயா சகரத்துக்கு அடுத்து வருவார், அதில் எங்கள் பக்கத்தில் யாரும் சண்டைக்கு வந்ததில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இந்த வித்தை எக்ஸ்எஸ்எல்டி-ப்ராக்குக்கு. பிரவுசர்கள் தங்கள் சொந்த வரிசை முறையை வைத்திருக்கின்றன, அங்கே ஆச்சரியக்குறி எதிர்பார்த்தபடி நடந்துகொள்ளாது.

நாள் 1, 10, 2 என்று வந்தால் அது வேறு. எண்ணாக ஒப்பிடு என்று சொல்லாததால் எழுத்தாக ஒப்பிடுகிறது. தரவு வகையை எண் என்று கொடுங்கள்.

நாள்வாரியாகப் பிரித்துக் காட்டவேண்டும், கடைசியில் மொத்தப் பெயர்ப் பட்டியலும் வேண்டும்

ஒரே பெயர் இரண்டு இடத்தில் வரவேண்டும் என்றால் சிஎஸ்எஸ்ஸை மறந்துவிடுங்கள். அதனால் ஓர் உறுப்பை ஒரு தடவைதான் காட்ட முடியும்.

நாள்வாரிப் பிரிப்பு மட்டும்தான் தேவை என்றால், நடையைப் பற்றி யோசிக்குமுன் கோப்பைப் பாருங்கள். நாள் என்பதை உபயத்தின் பண்பாக (டேக்குக்குள்ளேயே நாள்="3" என்று) வைக்காமல், உபயங்களைச் சுற்றி ஒரு டேக்காக வைத்தால் என்ன? பட்டியலைத் தட்டும்போதே நாள்வாரியாகத் தட்டினால் சிஎஸ்எஸ் மறுபடி போதுமானதாகிவிடும். தரவின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றினால் பாதி எக்ஸ்எஸ்எல்டி வேலை காணாமல் போகும் என்பதை யாரும் முதலில் நினைப்பதில்லை.

தரவை மாற்ற முடியாதென்றால் குழுவாக்கம் தேவை. எக்ஸ்எஸ்எல்டி 1.0இல் அதற்கு நேர்வழி இல்லை, கீ என்ற சார்பை வைத்துச் சுற்றிவளைத்துச் செய்யவேண்டும். 2007இல் வந்த 2.0இல் ஒரே உறுப்பில் முடிந்துவிடும். ஆனால் எக்ஸ்எஸ்எல்டி-ப்ராக்குக்கும் பிரவுசர்களுக்கும் 1.0 மட்டும்தான் தெரியும். 2.0, 3.0 இரண்டையும் தொகுத்த மைக்கேல் கே எழுதிய சாக்சன் என்ற கருவி வேண்டும். சுற்றுவழியைப் படித்துப் புரிந்துகொள்ளும் நேரத்தில் சாக்சனை நிறுவி வேலையை முடித்துவிடலாம்.

மொத்தம் வரவேண்டிய இடத்தில் என், ஏ, என் என்று மூன்று எழுத்து

சிஎஸ்எஸ்ஸின் கவுண்டர் உபயம் எத்தனை என்று எண்ணும், பணத்தைக் கூட்டாது. எக்ஸ்எஸ்எல்டியின் சம் சார்பு கூட்டும். ஆனால் எங்கோ ஒரு பணம் டேக்கில் எண் அல்லாத ஒன்று இருந்தால் மொத்தமே இப்படிக் கெட்டுவிடும். தேடவேண்டியவை: "1,000" என்ற காற்புள்ளி, "50 வெள்ளி", "ஒரு மூட்டை அரிசி", அப்புறம் ஒன்றுமே எழுதாத காலி டேக். முன்பின் இடைவெளி இருந்தால் பரவாயில்லை.

எண்ணாக இருப்பதை மட்டும் கூட்டச் சொல்லி நிபந்தனை போடலாம், பிழை மறைந்துவிடும். அதைச் செய்யாதீர்கள். ஆயிரம் வெள்ளி கொடுத்தவரின் பணம் சத்தமில்லாமல் மொத்தத்திலிருந்து விழுந்துவிடும், கணக்கு வாசிக்கும் கூட்டத்தில் அவரே எழுந்து கேட்பார். பட்டியல் சுத்தமாகும்வரை அந்த மூன்று எழுத்து அங்கேயே நிற்கட்டும். அரிசி மூட்டைக்குப் பொருளுபயம் என்று தனி டேக் வையுங்கள்.

இ-இன்வாய்ஸ்: டெம்ப்ளேட் எழுதியும் எல்லா எழுத்தும் ஒரே மூட்டையாக வருகிறது

மலேசியாவில் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் 2024 ஆகஸ்ட் 1இல் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கியது. அதன் எக்ஸ்எம்எல் வடிவம் யூபிஎல் 2.1 என்ற தரத்தைப் பின்பற்றுகிறது. மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர் பென்டிரைவில் கொண்டுவந்து "இதைப் படிக்கிற மாதிரி ஒரு தாளில் எடுத்துக் கொடுங்கள் அண்ணே" என்பார்.

எக்ஸ்எஸ்எல்டியில் "இன்வாய்ஸ்" என்ற டேக்குக்கு டெம்ப்ளேட், அதாவது அந்த டேக் வந்தால் என்ன எழுதவேண்டும் என்ற விதி, எழுதி ஓட்டினால் தேதி, எண், முகவரி, தொகை எல்லாம் இடைவெளியோடும் இல்லாமலும் குவியலாக வந்து விழும். பொருந்தும் டெம்ப்ளேட் கிடைக்காதபோது உள்ளே இருக்கும் எழுத்தை அப்படியே வெளியே கொட்டுவது எக்ஸ்எஸ்எல்டியின் பிறவிக்குணம். ஆகவே குவியல் வந்தால் உங்கள் டெம்ப்ளேட் ஒன்றுகூடப் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

பொருந்தாததற்குக் காரணம் பெயர்வெளி, அதாவது டேக் பெயர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் ஒரு முகவரி. யூபிஎல் கோப்பின் முதல் டேக்கில் முன்னொட்டு (டேக் பெயருக்கு முன்னால் முக்காற்புள்ளியோடு வரும் சுருக்கப்பெயர்) இல்லாத ஒரு பெயர்வெளி அறிவிப்பு இருக்கும். அதற்குப் பிறகு அந்த டேக்கின் முழுப்பெயர் வெறும் இன்வாய்ஸ் இல்லை, அந்த நீண்ட முகவரியும் சேர்ந்ததுதான். உங்கள் எக்ஸ்எஸ்எல்டி கோப்பில் அதே முகவரியை ஏதாவது ஒரு முன்னொட்டுடன் அறிவித்து, டெம்ப்ளேட்டிலும் அந்த முன்னொட்டோடு எழுதுங்கள். முன்னொட்டு எதுவாகவும் இருக்கலாம், முகவரி மட்டும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கவேண்டும். உள்ளே வரும் மற்ற டேக்குகளுக்கு இன்னும் இரண்டு பெயர்வெளிகள் உண்டு, அவற்றையும் அறிவியுங்கள்.

குழப்பத்தைக் கூட்டுவது என்னவென்றால், இதே கோப்புக்குச் சிஎஸ்எஸ்ஸில் வெறும் பெயரை எழுதினால் பொருந்திவிடும். சிஎஸ்எஸ்ஸில் பெயர்வெளி எதுவும் அறிவிக்காவிட்டால் எந்தப் பெயர்வெளியானாலும் அது ஏற்றுக்கொள்ளும். கோப்பில் இருக்கிறபடி முன்னொட்டும் முக்காற்புள்ளியும் சேர்த்து எழுதினால்தான் வேலை செய்யாது, முக்காற்புள்ளிக்கு அங்கே வேறு அர்த்தம். "சிஎஸ்எஸ்ஸில் வருகிறதே, எக்ஸ்எஸ்எல்டியில் ஏன் வரவில்லை" என்று கேட்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சிஎஸ்எஸ்ஸில் வருகிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமா? வேண்டாம். இன்வாய்ஸ் எண், விற்பவரின் அடையாள எண், வரி வகை எல்லாவற்றுக்கும் டேக் பெயர் ஐடி என்றே இருக்கும். "மொத்தம்" என்ற சொல் கோப்பில் எங்குமே இருக்காது. முகவரியில் பேராக் என்று இருக்கவேண்டிய இடத்தில் 08 என்ற மாநிலக் குறியீடு இருக்கும். சிஎஸ்எஸ் டேக்கின் பண்பைப் பார்த்து நடை கொடுக்கும், டேக்குக்குள் இருக்கும் எழுத்து 08ஆ 10ஆ என்று பார்க்காது. இ-இன்வாய்ஸுக்கு யோசிக்கவே வேண்டியதில்லை, எக்ஸ்எஸ்எல்டிதான்.

என் கணினியில் வருகிறது, செயலாளர் கணினியில் வெள்ளைத் தாள்

எக்ஸ்எம்எல்லையும் எக்ஸ்எஸ்எல்டியையும் ஒரே ஃபோல்டரில் போட்டு அனுப்பியிருப்பீர்கள், அவர் இரட்டைச் சொடுக்கில் திறந்திருப்பார். வட்டில் இருக்கும் கோப்பு பக்கத்துக் கோப்பை எக்ஸ்எஸ்எல்டியாக இழுப்பதைக் குரோம் பாதுகாப்புக்காகத் தடுக்கிறது. உங்கள் கணினியில் அது உள்ளூர் சர்வர் வழியாகத் திறந்ததால் வந்திருக்கும்.

செயலாளரின் கணினியில் அமைப்பை மாற்றப் போகாதீர்கள். அதோடு பிரவுசருக்குள் எக்ஸ்எஸ்எல்டி ஓட்டும் காலமே முடியப்போகிறது, அந்த வசதியை நீக்கும் திட்டத்தைக் குரோம் குழு 2025இல் அறிவித்துவிட்டது. மாற்றத்தை உங்கள் கணினியிலேயே ஒரு தடவை ஓட்டி, கிடைக்கும் எச்டிஎம்எல்லை அனுப்புங்கள். எக்ஸ்எஸ்எல்டி-ப்ராக் கட்டளையில் நடைக் கோப்பு முதலில், பட்டியல் அடுத்தது. சாக்சனில் பெயர்களை மட்டும் கொடுத்தால் பட்டியல் முதலில், நடைக் கோப்பு அடுத்தது. இதை மாற்றிக் கொடுத்து வரும் பிழைச் செய்தி எதையும் விளக்காது.

வந்த எச்டிஎம்எல்லுக்கு அழகு செய்ய மறுபடி சிஎஸ்எஸ்ஸேதான். நிறத்தையும் எழுத்தளவையும் எக்ஸ்எஸ்எல்டிக்குள் எழுதிவைத்தால், குங்கும நிறத்தை மஞ்சளாக்கச் சொல்லும்போதெல்லாம் மாற்றத்தைத் திரும்ப ஓட்டவேண்டியிருக்கும்.

தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து வருகிறது

பழைய பட்டியல், யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் தட்டியது. சிஎஸ்எஸ்ஸில் அந்தப் பழைய எழுத்துருவைக் குறிப்பிட்டால் அந்த ஒரு கணினியில் தமிழாகத் தெரியும், அதோடு சரி. தேடலும் வரிசையும் வேலை செய்யாது, கைப்பேசியில் திறந்தால் மறுபடி குப்பை. ட்ரான்ஸ்லேட் சார்பாலும் முடியாது, அது எழுத்துக்கு எழுத்துதான் மாற்றும், கொம்பை இடம் நகர்த்தாது. குறியீட்டு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டு, பெயர்களை ஒரு தடவை கண்ணால் சரிபார்த்துவிட்டு, பிறகு இந்த வழிமுறையின் மேலிருந்து வாருங்கள்.

அச்சில் ஓர் உபயம் இரண்டு பக்கத்தில் உடைகிறது

உடையவேண்டாம் என்று சிஎஸ்எஸ்ஸில் உபயத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு வரி திரும்ப வரவேண்டுமானால் எச்டிஎம்எல் அட்டவணையில் தலைப்புப் பகுதியைத் தனியாக வையுங்கள், பிரவுசர் அச்சிடும்போது அதுவே திரும்பப் போடும். பக்கவாரிக் கூட்டுத்தொகை, முந்திய பக்கத்திலிருந்து கொண்டுவந்த தொகை என்றெல்லாம் பொருளாளர் கேட்டால் பிரவுசர் அச்சு தாங்காது. எக்ஸ்எஸ்எல்டியிலிருந்து எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ என்ற பக்க அமைப்பு மொழியில் எழுதி அதைப் பிடிஎஃப் ஆக்கும் கருவிக்குப் போகவேண்டும். அந்தக் கருவி எதுவானாலும் பட்டியலை ஏற்றுமுன் "கொ, கோ, கை, ஸ்ரீ" என்று நான்கு எழுத்தை மட்டும் அச்சடித்துப் பாருங்கள். கொம்பு தப்பான பக்கத்தில் நின்றால் வேறு கருவி தேடுங்கள்.